பழைய வேட்டைத் துப்பாக்கியைப் பேணும் முறை: கொங்கு நாட்டு வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் அப்புச்சி (அம்மாவின் அப்பா) வீட்டில் இருக்கும் இரட்டைக் குழல் துப்பாக்கியின் இடது குழலில், கட்டைக்கு நான்கு விரற்கடை மேலே, பத்துப் பைசா அளவுக்கு ஒரு வட்டமான குழி விழுந்திருக்கிறது. ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று அதே இடத்தில் சந்தனத்தைக் குழைத்து வைத்து, அதன்மேல் குங்குமத்தை இட்டு, அடுத்த பூஜை வரும்வரை துடைக்காமல் விட்டதால் வந்த குழி அது. ஈரச் சந்தனம் இரும்பின் மேல் மெல்லக் காய்கிறது. காய்ந்த பிறகும் மழைக் காற்றின் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. அதன் அடியில் துரு சத்தமில்லாமல் உள்ளே இறங்குகிறது. இதை அம்மிச்சியிடம் காட்டியபோது, “பொட்டு வெச்ச எடம் பொத்துப் போகும்னு ஆருக்குத் தெரியும் கண்ணு” என்று வருத்தப்பட்டார். அடுத்த ஆண்டிலிருந்து பொட்டை அந்தத் துப்பாக்கி கிடத்தப்படும் மரப்பலகைக்கு வைக்கிறோம். பழைய துப்பாக்கிகள் பெரும்பாலும் கவனிப்பாரில்லாமல் கெடுவதில்லை, அன்போடு செய்யப்படும் தவறான காரியங்களால்தான் கெடுகின்றன என்பதை நான் கற்றுக்கொண்டது அந்தக் குழியிலிருந்துதான்.

நம் பகுதியில் இத்தகைய துப்பாக்கிகள் எங்கே கிடைக்கும், ஏன் குறைவாகக் கிடைக்கும் என்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பாளையக்காரர் போர்களின் முடிவில், 1801ஆம் ஆண்டு இறுதியில், கும்பெனி அரசு தென்னாட்டுப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. ஓடாநிலையில் கோட்டை கட்டிப் போரிட்ட தீரன் சின்னமலை 1805இல் சங்ககிரியில் தூக்கிலிடப்பட்டார். பின்னர் 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர்கள் உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பதை மேலும் இறுக்கியது. ஆகவே இன்று எஞ்சியிருப்பவை பெரும்பாலும் பழைய பாளையப்பட்டுக் குடும்பங்களிலும், பெரும் பண்ணை வீடுகளிலும், ஆனைமலைத் தேயிலைத் தோட்டங்களோடு தொடர்புடையவர்களிடமும் தங்கிய வேட்டைத் துப்பாக்கிகளே. 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை நின்றுபோனது. துப்பாக்கிகள் அட்டாலிக்கும் (பரணுக்கும்) பீரோவுக்கும் போய்ச் சேர்ந்தன.

சேகரிக்க விரும்புகிறவர் முதலில் அறிய வேண்டியது சட்டத்தை. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, சுடக்கூடிய நிலையிலுள்ள எந்தத் துப்பாக்கிக்கும், அது எவ்வளவு பழையதாக இருந்தாலும், உரிமம் வேண்டும். 2019ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் பொதுவாக இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. பரம்பரையாக வந்தவையும் இந்தக் கணக்கில் அடங்கும். உரிமத்தின் காலம் ஐந்து ஆண்டுகள். வழக்கொழிந்த அமைப்புடையதாகவோ, பழம்பொருள் மதிப்புடையதாகவோ, பழுதானதாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே இயலாத ஆயுதங்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் ஒரு துப்பாக்கி அந்த விலக்குக்குள் வருகிறதா என்பதை நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது; மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில், கோவை, திருப்பூர், சேலம் மாநகரங்களில் என்றால் காவல் ஆணையர் அலுவலகத்தில், எழுத்துமூலம் கேட்டுப் பதில் வாங்கிக்கொள்வதே முறை. உரிமம் பெற்றிருந்தவர் காலமாகிவிட்டால், துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துக்கொண்டு மனு எழுதக் கூடாது. தாமதமின்றி அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டு, அதன் பிறகே வாரிசு என்ற முறையில் விண்ணப்பிக்க வேண்டும். பதினாறாம் நாள் காரியம் முடியட்டும் என்று தள்ளிப் போட்டு, பிறகு மறந்தே போன குடும்பங்களை எனக்குத் தெரியும். வாங்குவதும் விற்பதும் உரிமம் பெற்ற வணிகர் வழியாகவே நடக்கட்டும். நூறாண்டைக் கடந்த பொருள் தொல்பொருள் சட்டத்தின் கீழும் வரக்கூடும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

அட்டாலியிலிருந்து ஒரு பழைய துப்பாக்கியை இறக்கினால், தூசி தட்டுவதற்கு முன்பே, அது மருந்து கெட்டித்த நிலையில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். குழல் வாய் வழியாக மருந்து இடிக்கும் நாட்டுத் துப்பாக்கிகளில் இந்த ஆபத்து மிக அதிகம். கரிமருந்து எனும் பழைய வெடிமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறாண்டானாலும் வீரியம் குறையாது. குழலுக்கு முன்னால் முகமோ கையோ வராதபடி பக்கவாட்டில் நின்று, ஒரு மரக்குச்சியை வாய் வழியாக அடிவரை மெல்ல விட்டு, வாயின் விளிம்பில் ஓர் அடையாளம் இட்டு வெளியே எடுக்கவும். அதே குச்சியைக் குழலின் வெளிப்புறத்தோடு வைத்துப் பார்த்தால், அது அடியிலுள்ள தீத்துளை வரை எட்ட வேண்டும். இரண்டு மூன்று அங்குலம் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள். அதை நாமே தோண்டி எடுக்க முயலக் கூடாது; அப்படியே வைத்துவிட்டுக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மடக்கித் திறக்கும் துப்பாக்கியில் இரு குழல்களையும் திறந்து, வெளிச்சத்தில் பார்த்து, விரலையும் விட்டுத் தடவிப் பார்த்தால் போதும்.

அடுத்தது, அதன் பிறப்பைப் படிப்பது. கொங்கு வீடுகளில் அதிகம் காணப்படும் பன்னிரண்டு ‘போர்’ (குழல் துளை அளவு) துப்பாக்கியின் பெயருக்கே ஒரு கணக்கு உண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக்கினால், ஓர் உருண்டையின் குறுக்களவு அதன் குழலின் அளவு, ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். குழல்களைக் கட்டையிலிருந்து கழற்றித் திருப்பினால், அடிவாயின் தட்டையான பகுதியில் பரிசோதனை முத்திரைகள் தெரியும். குழல்களைச் சோதித்து முத்திரையிடும் இங்கிலாந்தின் பர்மிங்காம் பரிசோதனை நிலையம் 1813ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் ஏற்பட்டது. ‘என்பி’ என்ற எழுத்துகள் இருந்தால் அந்தக் குழல் புகையில்லா மருந்துக்குச் சோதிக்கப்பட்டது. ‘உருண்டைக் குண்டுக்கு அன்று’ என்று பொருள்படும் ஆங்கில வாசகம் இருந்தால், அது 1875க்கும் 1887க்கும் இடைப்பட்ட காலத்தில் சோதிக்கப்பட்ட, வாய் சற்றே சுருங்கிய குழல். நீள்வட்டத்துக்குள் ‘ஈஎல்ஜி’ என்றிருந்தால் அது பெல்ஜியத்தின் லீஜ் நகரத்தது. அந்த வட்டத்தின் மேல் முடி இருந்தால் 1893க்குப் பிந்தியது. வெளியே தெரியும் சுத்திகள் இல்லாமல், விசைப்பகுதி ஒரு பெட்டி போல அடங்கியிருந்தால், அது 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தின் ஆன்சன், டீலி ஆகிய இருவரும் வகுத்த அமைப்பின் வழியில் வந்தது. கும்பெனிப் படைத் துப்பாக்கிகளின் விசைத்தட்டில் தொடக்கத்தில் இதய வடிவ முத்திரையும், பிற்காலத்தில் எழுந்து நிற்கும் சிங்கமும் இருக்கும். எழுத்துப் பிழையோ, இடவலம் மாறிய ஆங்கில எழுத்தோ தென்பட்டால் அது பிற்காலப் போலி என்று சந்தேகிக்கலாம்.

குழலின் மேல் ரேகை ரேகையாக, ஆற்றுமணலில் நீர் ஓடிய தடம் போலப் பின்னல் தெரிந்தால் அது டமாஸ்கஸ் குழல்: இரும்பையும் எஃகையும் முறுக்கி, நாடாவாக்கி, ஒரு தண்டின் மேல் சுற்றி அடித்து இணைத்தது. கரிமருந்துக் காலத்துக்குரிய இதில் இக்காலத் தோட்டாவைச் சுடவே கூடாது. மற்றப் பழைய துப்பாக்கிகளிலும் ஓர் ஒளிந்த ஆபத்து இருக்கிறது. குழலின் அடியில் தோட்டா அமரும் பழைய அறைகள் பல இரண்டரை அங்குலத் தோட்டாவுக்கு வெட்டப்பட்டவை. இன்றைய இரண்டே முக்கால் அங்குலத் தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது உள்ளே சரியாகப் பொருந்திவிடும். ஆனால் சுடும்போது வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் அளவுக்கு மீறும். என் கருத்தில், நூறு வயதைத் தாண்டிய துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்க ஒரு காரணமும் இல்லை.

துரு நீக்கும் வேலையில்தான் அதிகப் பொறுமை வேண்டும். விரல்பட்டால் பொடியாக ஒட்டும் சிவந்த துரு உயிருள்ளது. அதைத்தான் நீக்க வேண்டும். வழுவழுப்பாக, பழுப்பும் கறுப்புமாக இறுகியிருப்பது காலம் பூசிய தோல். அதுவே அடியிலுள்ள உலோகத்துக்குக் காவல். பல பழைய குழல்களுக்கு அந்தப் பழுப்பு நிறத்தை, அளவாகத் துருப்பிடிக்க வைத்துத் தேய்த்து, செய்தவர்களே கொடுத்தார்கள். கோவையில் ஒரு பட்டறையில் எனக்குத் தெரிந்தவரின் டமாஸ்கஸ் குழலை பஃபிங் சக்கரத்தில் பிடித்து வெள்ளி போல மின்ன வைத்துக் கொடுத்தார்கள். முறுக்கின் ரேகை முழுவதும் போயிற்று, பரிசோதனை முத்திரைகளும் பாதி அழிந்தன. அதை யாராலும் திரும்ப எழுத முடியாது. ஆகவே உப்புத்தாள், அமிலம், சக்கரம், நிக்கல் முலாம் ஆகிய எதுவும் வேண்டாம்.

சிவந்த துருவின் மேல் மெல்லிய கனிம எண்ணெயைத் தடவி இரண்டு நாள் ஊற விடவும். திருப்பூரில் தெருவுக்குத் தெரு கிடைக்கும் தையல் மிஷின் எண்ணெயே இதற்குப் போதும். பிறகு ஒரு பழைய செப்புக் காசின் விளிம்பால், அல்லது பித்தளைத் தகட்டால், படுக்கை வாக்கில் மெல்லச் சுரண்டவும். செம்பும் பித்தளையும் எஃகைவிட மென்மையானவை. துரு உதிரும், குழலில் கீறல் விழாது. துடைத்து, மீண்டும் எண்ணெய் தடவி, மீண்டும் ஊற விடவும்; ஓர் அங்குலத்துக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் குளிரில் அது உறைந்துபோகும். நாளாக ஆக ஊசிப் பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும். மண்ணெண்ணெய் அழுக்கைக் கரைக்கும், ஆனால் ஆவியாகிப் போய் இரும்பை வெறுமையாக விட்டுவிடும். குழலின் உட்புறத்தில் பழைய கரிமருந்தின் படிவு இருந்தால் அது உப்புத்தன்மை உடையது, எண்ணெயில் கரையாது. தனியே கழற்றிய குழலில் வெந்நீர் விட்டுக் கழுவி, சூடு ஆறுவதற்குள் துணியால் முற்றிலும் உலர்த்தி, உடனே எண்ணெய் இட வேண்டும்.

விசைப்பகுதியைத் திறக்க ஆசைப்படாதிருப்பது நல்லது. இங்கிலாந்துத் துப்பாக்கிகளின் திருகுகளில் வெட்டு மிக மெல்லியது. கடைத் திருப்புளியை வைத்துத் திருகினால் விளிம்பு சிதைந்துவிடும், அந்தச் சிதைவே பார்ப்பவருக்கு முதலில் தெரியும். பழுது பார்ப்பதற்கும் உரிமம் வேண்டும் என்பதால், லேத் பட்டறைக்குக் கொண்டு போகாமல் உரிமம் பெற்ற ஆயுதப் பணியாளரிடமே கொடுக்க வேண்டும். வெற்று விசையைச் சொடுக்கிப் பார்க்கும் பழக்கமும் கூடாது.

கட்டை பெரும்பாலும் வால்நட் மரம். லேசாக ஈரம் தோய்த்துப் பிழிந்த துணியால் துடைத்து உலர்த்தி, மெழுகை மெல்லிதாகத் தேய்த்தால் போதும். மரம் வறண்டு வெளுத்திருந்தால் மட்டும் ஆளிவிதை எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு உள்ளங்கையில் விட்டு, கை சூடேறும்வரை தேய்க்கலாம். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது; தானாகவே தீப்பற்றும் இயல்புடையது, தண்ணீரில் நனைத்தே அப்புறப்படுத்த வேண்டும். பிடியில் வெட்டியிருக்கும் கட்டக் கோடுகளை மென்மையான பல்துலக்கும் பிரஷ்ஷால் சுத்தம் செய்யலாம். பளபளக்கும் வார்னிஷ் அடித்தால் அந்தக் கோடுகள் நிரம்பி மறைந்துபோகும்.

அலங்காரம் என்றால், துப்பாக்கியின் மேல் புதிதாக எதையும் சேர்ப்பது என்று நான் கொள்வதில்லை. விசைத்தட்டில் செதுக்கிய இலைக்கொடியும், இறக்கை விரித்த காட்டுக்கோழியும், எலும்புக் கரியில் வைத்துக் கெட்டியாக்கியபோது உலோகத்தில் படிந்த நீலமும் வைக்கோல் நிறமுமே அதன் நகைகள். அவை தெரியும்படி வைத்தாலே போதும். உரிமத்துக்குரிய துப்பாக்கி சுவருக்குரியதன்று, பூட்டிய இரும்பு பீரோவுக்குரியது. தோட்டாக்கள் வேறு பூட்டில் இருக்க வேண்டும். அலுவலகத்தில் எழுத்துமூலம் விலக்கு உறுதியான பழம்பொருளை மட்டுமே சுவரில் மாட்டலாம். மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும், சமையல் புகை வரும் இடத்திலும், நேர்வெயில் விழும் இடத்திலும் வேண்டாம். விசைக்காப்பு வளையத்தில் ஆணியை மாட்டாமல், கம்பளித் துணி சுற்றிய இரண்டு மரத்தாங்கிகளில் கிடத்த வேண்டும். பக்கத்தில் பழைய மான்கொம்பையும் மாட்டி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அதற்கு வனத்துறையின் உடைமைச் சான்று இல்லாவிட்டால் அது தனிக் குற்றமாகும்.

தோல் உறை பார்வைக்கு அழகு, ஆனால் அதற்குள் நெடுநாள் வைத்தால் தோலின் ஈரமும் பதனிட்ட சத்தும் குழலைத் தின்னும். பிளாஸ்டிக் பையும் அப்படியே. கஞ்சி போகத் துவைத்துக் காயவைத்த பழைய பருத்தி வேட்டியே நல்ல உறை. குழல் வாயில் துணியை அடைக்க வேண்டாம். ஈரம் உள்ளேயே தங்கிவிடும். பீரோவில் குழல் வாய் கீழே இருக்கும்படி நிறுத்தினால், மிகுந்த எண்ணெய் கட்டைக்குள் இறங்கி மரத்தைக் கறுப்பாக்கவும் மென்மையாக்கவும் செய்யாது. எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் வைகாசிக் கடைசியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஈரத்தோடு வந்துவிடுவதால், ஆனி தொடங்கி மாதம் ஒருமுறை துடைத்து எண்ணெய் இடுகிறோம். தாராபுரம், காங்கேயம் பகுதியினருக்கு ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே கவனம் போதும். தொட்ட ஒவ்வொரு முறையும் துடைத்தே வைக்க வேண்டும், ஏனெனில் விரலின் வியர்வை உப்பு ஒரு வாரத்துக்குள் ரேகையோடு துருவாக எழும். தேர்தல் காலங்களில் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது எண்ணெய் சற்றுக் கூடுதலாகத் தடவி, படங்கள் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்பப் பெற்ற அன்றே பிரித்துத் துடைத்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு குறிப்பேடு. முத்திரைகளின் படம், குழலின் எண், யாரிடமிருந்து யாருக்கு வந்தது, எந்த நாளில் எந்த எண்ணெய் இட்டோம், புதிதாகத் துரு எங்கே தெரிந்தது என்பவற்றை அதில் எழுதி வர வேண்டும். அப்புச்சியின் துப்பாக்கிக்கான ஏட்டில் முதல் பக்கத்தில் அந்தக் குழியை அளவோடு வரைந்து, பக்கத்தில் ஆயுத பூஜை என்று எழுதியிருக்கிறேன். ஏட்டைத் துப்பாக்கியோடு வைக்காமல் உரிமப் புத்தகத்தோடு வைத்திருக்கிறோம்.