பத்தாவதுக்கு அப்புறம் தொழில்படிப்பு: சேர்வதற்கு முன் விசாரிக்க வேண்டியவை

பத்தாவது ரிசல்ட் வந்ததும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் வீட்டுக்கு வீடு ஒரே பேச்சுதான்: பதினொன்றாம் வகுப்பா, ஐடிஐயா, பாலிடெக்னிக்கா? "ஓசூர்ல கம்பெனி நிறைய இருக்கு, ஏதாவது டெக்னிக்கலா படிச்சா வேலை கிடைச்சிடும்" என்று யாராவது சொல்ல, அதை நம்பிக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். கம்பெனி இருப்பது உண்மைதான். டைட்டன், டிவிஎஸ், அசோக் லேலண்ட் எல்லாம் எண்பதுகளிலேயே ஓசூருக்கு வந்துவிட்டன, இப்போது போச்சம்பள்ளியில் ஓலா, குருபரப்பள்ளியில் டெல்டா, கெலமங்கலம் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ். ஆனால் ஊருக்குப் பக்கத்தில் கம்பெனி இருப்பது வேறு, பிள்ளை படிக்கும் இடத்தோடு அந்தக் கம்பெனி கையெழுத்துப் போட்டுப் பயிற்சி கொடுப்பது வேறு.

இந்த மாதிரிப் படிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் சொல்கிறேன். 2011-இல் நியூயார்க்கின் புரூக்ளினில் பி-டெக் என்று ஒரு உயர்நிலைப் பள்ளி தொடங்கினார்கள். நகரக் கல்வித் துறை, நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம், கம்ப்யூட்டர் கம்பெனியான ஐபிஎம் மூன்றும் சேர்ந்து நடத்தியது. ஒன்பதாம் வகுப்பில் சேரும் பிள்ளை ஆறு வருடத்துக்குள் பள்ளிச் சான்றிதழோடு இரண்டு வருடக் கல்லூரிப் பட்டமும் வாங்கலாம், கட்டணம் கிடையாது. கம்பெனி ஆட்கள் வழிகாட்டுவார்கள், சம்பளத்தோடு இன்டர்ன்ஷிப் உண்டு, முடித்தவர்களை ஐபிஎம் வேலைக்கு முதலில் பரிசீலிக்கும். கவனியுங்கள், வேலை உறுதி என்று சொல்லவில்லை. ஆனால் யார் என்ன செய்ய வேண்டும் என்பது முதலிலேயே முடிவாகியிருந்தது. இங்கே அதே பெயரில் பள்ளியைத் தேட வேண்டியதில்லை. பயிற்சி, கம்பெனி, மேல்படிப்பு மூன்றும் ஒரே வழியில் வருகிறதா என்று மட்டும் பாருங்கள்.

முதலில் மேல்படிப்புக் கணக்கு, ஏனென்றால் இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பத்தாவது முடித்துப் பாலிடெக்னிக் மூன்று வருடம், அப்புறம் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடிச் சேர்க்கை, அது மூன்று வருடம். மொத்தம் ஆறு. பிளஸ் டூ போய் பி.இ. படித்தாலும் ஆறுதான், ஆகவே "டிப்ளமோ போனா வருஷம் வீணாகும்" என்பது தவறு. ஐடிஐ வழியில் போனால் இரண்டு வருட டிரேடு (தொழில் பிரிவு), டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர்ந்து இரண்டு வருடம், பி.இ. மூன்று, ஆக ஏழு. ஒரு வருடம் கூடுதல், ஆனால் நடுவில் எங்கே நிறுத்தினாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், பதினேழு பதினெட்டு வயதிலேயே சம்பாதிக்கவும் முடியும். வீட்டில் பணம் இறுகினால் இது சாதாரண விஷயம் இல்லை.

ஆனால் டிரேடைப் பார்த்து எடுங்கள். ஃபிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரீஷியன் எல்லாம் இரண்டு வருடம். வெல்டர் ஒரு வருடம்தான், சீக்கிரம் வேலைக்குப் போகலாம், ஆனால் அதை மட்டும் வைத்து டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர முடியாது. இன்னொன்று, எந்த டிரேடு முடித்தால் எந்தப் பிரிவு டிப்ளமோவில் சேரலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. இதைக் கிருஷ்ணகிரி அரசு பாலிடெக்னிக் மாதிரி ஒரு இடத்துக்கு நேரில் போய்க் கேட்டுவிட்டு ஐடிஐ விண்ணப்பம் போடுங்கள், போட்ட பிறகு கேட்டுப் பயனில்லை.

பிளஸ் ஒன்னில் தொழிற்கல்விப் பிரிவு எடுப்பதும் ஒரு வழி. அதில் படித்தவர்களும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேரலாம், பொறியியல் கலந்தாய்வில் அவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் உண்டு. அந்தப் பள்ளியில் பாடத்துக்கு ஆசிரியர் இருக்கிறாரா, பட்டறைக் கருவிகள் ஓடுகின்றனவா என்று மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

அடுத்து கம்பெனி. ஐடிஐ முதல்வரிடமோ பயிற்சி அலுவலரிடமோ நேராகக் கேளுங்கள்: "சார், இந்த டிரேடுக்கு இருமுறைப் பயிற்சி இருக்கா, எந்தக் கம்பெனியோட?" டிஎஸ்டி (டூயல் சிஸ்டம் ஆஃப் டிரெய்னிங்) என்று சொன்னால் அவர்களுக்கு உடனே புரியும். பாடம் ஐடிஐயில், செய்முறை தொழிற்சாலையில், இதுதான் அந்த ஏற்பாடு. பெயரைச் சொன்னால் அதோடு விடாதீர்கள், ஒப்பந்தம் எந்தத் தேதி வரை, போன பேட்சில் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்றும் கேளுங்கள். சுவரில் பத்துக் கம்பெனி லோகோ ஒட்டியிருப்பதைவிட, போன வருடம் முடித்த நாலு பையன்களின் போன் நம்பர் உங்களுக்கு உதவும். தமிழக அரசு டாடா டெக்னாலஜிஸோடு சேர்ந்து 71 அரசு ஐடிஐகளில் 2,877 கோடி ரூபாயில் தொழில் 4.0 என்ற நவீனத் தொழில்நுட்ப மையங்கள் அமைத்திருக்கிறது; சிஎன்சி (கம்ப்யூட்டர் இயக்கும் மெஷின்), ரோபாட்டிக்ஸ், மின்வாகன மெக்கானிக் பயிற்சிகள் அங்கே உண்டு. உங்களுக்கு எட்டும் ஐடிஐயில் அந்த மையம் இருந்தால் அதற்கே முதலிடம் கொடுப்பேன்.

இதைவிட முக்கியமானது, படித்து முடித்து கம்பெனிக்குள் போகும்போது வருவது. "அப்ரண்டிஸா, ட்ரெய்னியா?" என்று கேளுங்கள். 1961 அப்ரண்டிஸ் சட்டப்படி சேர்ந்தால் ஒப்பந்தம் அரசு போர்ட்டலில் பதிவாகும், குறைந்தபட்ச உதவித்தொகை உண்டு, முடிவில் தேர்வு எழுதி நாடு முழுக்கச் செல்லும் சான்றிதழ் வாங்கலாம். முப்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்கள் 2.5 சதவீதத்திலிருந்து 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் எடுப்பது சட்டப்படி கட்டாயம், ஆகவே நீங்கள் சலுகை கேட்கவில்லை. வெறும் ட்ரெய்னி என்றால் அதே மெஷினில் அதே வேலையைச் செய்துவிட்டு, ஒரு அனுபவக் கடிதத்தோடு வெளியே வர வேண்டியிருக்கும்.

"வேலை செய்துகொண்டே டிப்ளமோ, டிகிரி" என்று ஏஜென்ட் வழியாக வரும் அழைப்புகளில் பட்டம் தரும் பல்கலைக்கழகம் எது, அதற்கு யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அல்லது ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக் குழு) அனுமதி இருக்கிறதா, வகுப்பு எத்தனை மணி நேரம், நைட் ஷிஃப்ட் முடித்து வரும் பிள்ளை எப்போது உட்கார்ந்து படிக்கும் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வராவிட்டால் வேண்டாம். ஒரிஜினல் மார்க் ஷீட்டையும் டிசியையும் ஏஜென்டிடம் கொடுக்கவே கூடாது, ஜெராக்ஸ் போதும்.

பணம் பற்றிப் பயப்படுகிறவர்களுக்கு: அரசு ஐடிஐயில் மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள், சீருடை, புத்தகம் கிடைக்கும். ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய், ஐடிஐயும் டிப்ளமோவும் அதில் சேரும். பென்னாகரம், அஞ்செட்டி மாதிரி தூரத்திலிருந்து வருகிறவர்கள் விண்ணப்பிக்கும் நாளிலேயே விடுதி இடமும் கேட்டுவிடுங்கள். ஐடிஐ, பாலிடெக்னிக் இரண்டுக்கும் சேர்த்தே விண்ணப்பம் போடலாம், சாதிச் சான்றிதழும் ஆதாரும் பெயர் எழுத்து ஒத்துப்போகிறதா என்று ஏப்ரலிலேயே பார்த்து, இ-சேவை மையத்தில் திருத்தி வைத்திருங்கள்.