"மாதம் எவ்வளவு கட்டணும்?" என்று முதலில் கேட்காதீர்கள்

போன மாதம் எங்கள் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டம் முடிந்து கொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். எல்லாரும் போன பிறகும் ஒரு பிள்ளை மட்டும் வாசலில் நின்றாள். கிழமைக்குக் கிழமை கட்டும் கிழமைக் கடன் இரண்டு, தனியாளிடம் மாத வட்டிக்கு வாங்கிய மீற்றர் வட்டிக் கடன் ஒன்று, வங்கியில் அடகு வைத்த சங்கிலி என்று அவளுக்கு நான்கு பக்கமும் கடன்.

"மாமி, எல்லாத்தையும் ஒண்டாக்கி ஒரே லோனா எடுக்கப் போறன். இப்ப கட்டுறதுல பாதிதான் வரும்."

"எத்தனை மாசத்துக்கு மகள்?"

"அது கேக்கல்ல மாமி."

2014இல் நானும் கேட்கவில்லை. இன்றும் எங்கள் கிழக்கிலங்கையில், களுவாஞ்சிகுடியிலும் செங்கலடியிலும் கல்முனையிலும் கடன் வாங்கப் போகிறவர்கள் இதைக் கேட்காமல்தான் கையெழுத்து வைக்கிறார்கள். சங்கத்தில் பொருளாளராக இருப்பதால் பலருடைய கடன் கொப்பிகள் என் கையில் வரும். அநேகமாக எல்லாவற்றிலும் என்னுடைய பழைய தவறுகளைத்தான் பார்க்கிறேன். செலவைக் குறையுங்கள், வீண் கடன் வாங்காதீர்கள் என்றெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர்கள் யாருமில்லை. கடனை ஒன்றாக்கி அடைக்கப் புறப்பட்டவர்கள் வழியில் எங்கே விழுகிறார்கள் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

தவணை குறைந்தால் கடன் குறைந்துவிட்டதாக நினைப்பது

இதைச் சற்று நீளமாகத்தான் சொல்ல வேண்டும். இத்தனை வருடம் கழித்தும் அந்தக் கணக்கை நினைத்தால் எனக்கு மனம் ஆறுவதில்லை.

2014 ஆகஸ்டில் என் கடன்கள் இப்படி இருந்தன. ஒரு கிழமைக் கடனில் கிழமைக்கு 1,500 ரூபா, இன்னும் 30 கிழமை பாக்கி. மற்றதில் 1,250 ரூபா, 24 கிழமை பாக்கி. இரண்டுக்கும் சேர்த்து 75,000 ரூபா கட்டினால் முடிந்துவிடும். அடுத்தது மீற்றர் வட்டிக்கு எடுத்த 50,000 ரூபா. நூற்றுக்குப் பத்து, மாதம் 5,000 ரூபா. அது வட்டி மட்டும்தான், முதல் அப்படியே நிற்கும். கடைசியாக, வங்கியில் நகை வைத்து எடுத்த 75,000 ரூபா, ஆண்டுக்கு 16 வீதம்.

மாதம் 16,000 ரூபாவுக்கு மேல் போனது. கிழமைக் கடன் கூட்டம் நடக்கும் செவ்வாயும் வியாழனும் விடியும்போதே நெஞ்சு அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில்தான் ஒரு நிதி நிறுவனத்தின் அலுவலர் வீட்டுக்கு வந்தார். எல்லாக் கடனையும் தாங்களே முடித்துத் தருவதாகவும், மாதம் 9,000 ரூபாவுக்குள் கட்டினால் போதும் என்றும் சொன்னார். நான் அழுதேவிட்டேன். தெய்வமே அனுப்பிய ஆள் என்று நினைத்தேன்.

இரண்டு லட்சம் போதும் என்றேன். "சரியா இரண்டரையாப் போடுவம் அக்கா, கையில கொஞ்சம் மிஞ்சும்" என்றார். 48 மாதம், 18 வீதம். கடதாசிச் செலவு, காப்புறுதி என்று 9,000 ரூபா கழித்து 241,000 ரூபா கையில் வந்தது. பழைய கடன்களை எல்லாம் முடித்தேன், நகையை வட்டியோடு திருப்பினேன். மிஞ்சிய முப்பத்தைந்தாயிரமும் மகளின் சாமத்தியச் சடங்குக்குப் போனது.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்த 18 வீதம் தட்டை வட்டி. அதாவது, நீங்கள் முதலை மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வந்தாலும், வட்டி மட்டும் கடைசி நாள் வரை ஆரம்பத்தில் எடுத்த முழுத் தொகைக்கும் போடப்படும். இரண்டரை லட்சத்துக்கு 18 வீதம் என்றால் ஆண்டுக்கு 45,000, நான்கு ஆண்டுக்கு 180,000 ரூபா. மொத்தம் 430,000 ரூபா. மாதத் தவணை 8,958.

அந்தத் தவணையில் முதலுக்கு 5,208 ரூபா, வட்டிக்கு 3,750 ரூபா. நாற்பத்தெட்டாவது மாதத்திலும் இதே பிரிப்புத்தான். அன்றைக்கு என் கையில் இருந்த அவர்களின் காசு வெறும் 5,208 ரூபா. அதற்கு ஒரு மாத வட்டி 3,750! மிச்சமிருக்கும் முதலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில் பார்த்தால், அந்த 18 வீதம் உண்மையில் ஏறக்குறைய 30 வீதம். கிழமைக் கடனும் இப்படித்தான். 50,000 ரூபா எடுத்து 52 கிழமையில் 62,000 ரூபா கட்டினால் 24 வீதம் என்று சொல்வார்கள். குறைந்து செல்லும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் அது ஆண்டுக்கு 44 வீதமளவு வரும்.

வட்டியை விட எனக்கு அதிகம் வலிப்பது இன்னொன்று. என் கிழமைக் கடன் இரண்டும் ஏழு மாதத்தில் தானாக முடிந்திருக்கும். நகைக் கடன்தான் என்னிடம் இருந்தவற்றில் மலிவானது. அதை எடுத்து, அதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வட்டியுள்ள கடனுக்குள் நானே போட்டேன். உண்மையில் இடம் மாற்ற வேண்டியிருந்தது மீற்றர் வட்டிக் கடன் ஒன்றை மட்டும்தான். அந்த 50,000 ரூபாவை மட்டும், அதே நிறுவனத்தில், அதே 18 வீதத் தட்டை வட்டியில், ஒரே ஆண்டுக்கு எடுத்திருந்தால் மாதத் தவணை 4,917 ரூபாதான். மீற்றர்காரருக்கு வட்டியாக மட்டும் நான் மாதம் 5,000 கொடுத்துக்கொண்டிருந்தேன். அதே காசைக் கட்டியிருந்தால் பன்னிரண்டே மாதத்தில் அந்தக் கடன் முதலோடு முடிந்திருக்கும். என் மாதச் செலவில் ஒரு ரூபாகூடக் கூடியிருக்காது. 2015 ஆகஸ்டில் நகைக் கடன் மட்டும் மிஞ்சியிருக்கும். ஆனால் நான் 2018 ஆகஸ்ட் வரை கட்டினேன்.

இடையில் நடந்ததையும் சொல்ல வேண்டும். 2014 டிசம்பர் வெள்ளத்தில், மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் நாங்கள் குத்தகைக்கு எடுத்துச் செய்த வயல் மூழ்கியது. ஆகஸ்டில் திருப்பிய நகை, பொங்கலுக்கு முன் மறுபடியும் வங்கிக்குப் போனது. இப்போது நீண்ட கடனும் இருந்தது, நகைக் கடனும் இருந்தது. கடனை ஒன்றாக்கிய பலர் ஒரு வருடத்துக்குள் முந்தியதைவிட அதிகக் கடனில் நிற்பது இப்படித்தான். பழைய கடன் முடிந்ததும், மறுபடி கடன் வாங்குவதற்கான வழிகள் எல்லாம் திறந்துகொள்கின்றன. கிழமைக் கடன் வசூலிக்க வரும் தம்பியும் "புதுசா ஒண்டு தரட்டா?" என்று வந்து நிற்பார்.

அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் தவணையைப் பற்றிப் பேசுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். முதலில் இரண்டு எண்களைக் கேட்டு எழுதி வாங்குங்கள். இன்று எல்லாம் கழித்து என் கையில் வருவது எவ்வளவு? கடைசித் தவணை வரை நான் கொடுக்கப் போவது எவ்வளவு? என்னுடையது 241,000, 430,000. இந்த இரண்டையும் ஒரே கடதாசியில் பக்கத்தில் பக்கத்தில் பார்த்திருந்தால் நான் கையெழுத்து வைத்திருக்க மாட்டேன்.

அப்புறம், இருக்கிற ஒவ்வொரு கடனுக்கும் நேரே அது இன்னும் எத்தனை மாதத்தில் முடியும் என்று எழுதுங்கள். ஆறேழு மாதத்தில் முடியும் கடனை நான்கு வருடக் கடனுக்குள் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுங்கள்.

இடையில் முடிக்கும்போது கழிவு கேட்காமல் விடுவது

கிழமைக் கடன் இரண்டுக்கும் பாக்கி 75,000 ரூபாவையும் அப்படியே எண்ணிக் கொடுத்தேன். அதற்குள் இன்னும் வராத கிழமைகளின் வட்டியும் இருந்தது. "இன்றைக்கு முழுசா முடித்தால் எவ்வளவு?" என்று கேட்டால் சில இடங்களில் குறைத்துத் தருவார்கள், சில இடங்களில் தர மாட்டார்கள். குறைக்க மாட்டோம் என்றால் அந்தக் கடனை அவசரமாக முடிப்பதில் உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை. புதுக் கடன் எடுத்து அதை முடிப்பது நட்டம். இந்தக் கேள்வியைப் புதுக் கடனுக்கு ஒப்பமிட முன்பே கேட்டுவிட வேண்டும்.

வெற்றுக் காசோலையும் வெற்றுக் கடதாசியும்

கொடுக்காதீர்கள். கொடுத்திருந்தால், கடன் முடியும் அன்றே கையில் திருப்பி வாங்குங்கள்.

மலிவான கடன் வீட்டிலேயே இருப்பதைக் கவனிக்காமல் விடுவது

அக்கரைப்பற்றுப் பக்கம் எனக்கு ஒரு சொந்தம், கணவன் மனைவி இரண்டு பேரும் அரசாங்க ஊழியர். மீற்றர் வட்டி கட்டிக்கொண்டிருந்தார்கள். இடர் கடன் எடுத்தீர்களா என்று கேட்டேன். அவர் எடுத்திருந்தார், மனைவி எடுக்கவில்லை. அரச ஊழியருக்குக் கிடைக்கும் அந்தக் கடனுக்கு ஆண்டு வட்டி 4.2 வீதம், சம்பளத்திலேயே கழியும். அந்த வட்டிக்கு வெளியே கடன் கிடைப்பது அரிது. ஆண்டுக்கு 4.2 வீதம் அலுவலகத்தில் கிடக்க, மாதத்துக்கு 10 வீதம் வெளியே கொடுத்துக்கொண்டிருந்தார்கள். விண்ணப்பம் எழுதுவது வெட்கமாக இருந்ததாம். கந்தோரில் எல்லாருக்கும் தெரிந்துவிடுமாம். மீற்றர்காரர் படலையில் நின்று சத்தம் போட்டபோது தெருவுக்கே தெரிந்தது.

அரச வேலை இல்லாதவர்கள் கூட்டுறவுக் கிராமிய வங்கியையும் சமுர்த்தி வங்கியையும் கேட்டுப் பார்க்காமல் நிதி நிறுவனத்துக்குப் போகாதீர்கள். அங்கே பலமுறை அலைய வேண்டியிருக்கும், கடனும் சிறிதாகத்தான் கிடைக்கும். ஆனால் மீற்றர் வட்டியை அறுக்கச் சிறிய கடனே போதும்.

வயல் காசு வருகிற வீட்டில் மாதத் தவணைக்கு ஒப்புவது

பெரும்போக வேளாண்மை வெட்டிக் காசு வருவது மாசி, பங்குனியில். சிறுபோகம் ஆவணிப் பக்கம். வாவியிலும் கடலிலும் தொழில் செய்கிறவர்களுக்குக் கார்த்திகையிலிருந்து தை வரை மழையும் காற்றும். இப்படி வருமானம் வரும் வீட்டில், பன்னிரண்டு மாதமும் ஒரே தவணைக்கு ஒப்பினால் மார்கழியில் கட்டாயம் தடக்கும். தடக்கிய அன்று மறுபடி மீற்றர்காரரிடம்தான் ஓட வேண்டிவரும். அறுவடைக்கு அறுவடை கட்டும் முறை உண்டா என்று கேளுங்கள். இல்லையென்றால் காசு வந்த மாதத்திலேயே மூன்று தவணையை ஒதுக்கி வேறு கணக்கில் போடுங்கள், வீட்டில் வைக்காதீர்கள்.

வட்டி மாறுமா என்று கேட்காமல் விடுவது

2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 வீதப் புள்ளி உயர்த்தியது. மாறும் வட்டிக்குக் கடன் எடுத்தவர்களின் தவணை எங்கே போய் நின்றது என்று அவர்களைக் கேட்டால் தெரியும்.

தள்ளுபடி வரும் என்று கட்டாமல் இருப்பது

2018இல் வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களில், மூன்று மாதத்துக்கு மேல் கட்டாமல் நின்றவற்றை அரசாங்கம் தள்ளுபடி செய்தது. மட்டக்களப்பும் அம்பாறையும் அதில் இருந்தன. சிலருக்கு உயிர் மீண்ட மாதிரி இருந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒவ்வொரு தேர்தல் வரும்போதும் "இந்த முறையும் வெட்டுவாங்க" என்று தவணையை நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். குழுக் கடனில் நீங்கள் நிறுத்தினால் உங்களுக்குப் பிணை நின்ற மற்றப் பெண்கள்தான் உங்கள் பங்கையும் போட வேண்டும். பக்கத்து வீட்டுக்காரி தன் பிள்ளையின் பால்மாக் காசை உங்கள் தவணைக்குப் போட்டுவிட்டு உங்களோடு பேசாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். கட்ட முடியாவிட்டால் குழுவிடம் முதலே சொல்லுங்கள், நிறுவனத்திடம் தவணையை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள்.

சீட்டைக் கழித்து எடுத்துக் கடன் அடைப்பது

சீட்டை முந்தி எடுப்பதற்காக நீங்கள் விட்டுக்கொடுக்கும் கழிவு எவ்வளவு என்று பாருங்கள். மீற்றர் வட்டியை முடிப்பதற்கென்றால் சரி, வேறு எதற்கும் வேண்டாம்.

கடிதம் வாங்காமல் வருவது

கடைசித் தவணை கட்டியதும் சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்துவிடுவோம். கடன் முடிந்தது என்ற கடிதம் வாங்க மறந்துவிடுவோம். நானும் வாங்கவில்லை. ஒரு வருடம் கழித்து வீடு திருத்த வங்கிக்குப் போனால், கிறிப்பில் என் பெயரில் இன்னும் பாக்கி காட்டுகிறது என்றார்கள். கடன் தகவல் பணியகத்தைத்தான் கிறிப் என்கிறோம். வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கொடுக்கும் விவரம்தான் அங்கே இருக்கும். நிறுவனம் திருத்திக் கொடுக்காவிட்டால் அது அப்படியே நிற்கும். பற்றுச்சீட்டுகளை எல்லாம் ஒரு பால்மாப் பேணிக்குள் போட்டு வைத்திருந்ததால் தப்பினேன். அப்படியும் மூன்று மாதம் அலைந்தேன்.

வாசலில் நின்ற பிள்ளையோடு அன்றைக்கு இருட்டும் வரை இருந்து கணக்குப் பார்த்தோம். அவளுடைய கிழமைக் கடனில் ஒன்று பதினோரு கிழமையில் முடிகிறது. மீற்றர் வட்டிக் கடன் 40,000 ரூபா. அதற்கு மட்டும் கூட்டுறவுக் கிராமிய வங்கியில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறாள், பிணைக்கு நானும் இன்னொருவரும் நிற்கிறோம். வருகிற செவ்வாய் நடக்கும் கிழமைக் கடன் கூட்டத்தில், மற்றக் கடனை இன்றைக்கு முடித்தால் எவ்வளவு என்று தம்பியிடம் எழுத்தில் வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.