கல்லூரி மாற, ஒரிஜினல் சான்றிதழ்களைத் திரும்ப வாங்கியது எப்படி: என் அனுபவம்

தஞ்சாவூர் பக்கம் ஒரு தனியார் கலைக் கல்லூரியில் தங்கையைச் சேர்த்த பிறகுதான், க்யூட் (CUET) என்ற பொது நுழைவுத் தேர்வு மூலம் திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. அதை விட மனம் வருமா? ஆனால் டி.சி., மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ் எல்லாம் கல்லூரி பீரோவில். "மூணு வருஷ ஃபீஸையும் கட்டிட்டு எடுத்துட்டுப் போங்க" என்றார்கள். முதல் வருஷக் கட்டணமே அப்பா சம்பா நெல் விற்ற பணம்.

கைகொடுத்தது, 2018 அக்டோபரில் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) வெளியிட்ட அறிவிப்பு. ஒரிஜினலைச் சரிபார்த்ததும் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்று அதில் தெளிவாக இருக்கிறது. கட்டணத்துக்கும் கணக்கு உண்டு. சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாளோ அதற்கு மேலோ முன்பே விலகினால் முழுத்தொகை. அதில் மட்டும் கல்லூரி அதிகபட்சம் 5% பிடித்துக்கொள்ளலாம், அதுவும் 5,000 ரூபாய்க்கு மிகாமல். அப்புறம் கடைசி நாள் வரை 90%, அது தாண்டி 15 நாளுக்குள் 80%, 30 நாளுக்குள் 50%. அதன் பிறகு ஒன்றும் கிடையாது. அந்தந்த வருஷத்துக்குத் தனி அறிவிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விலகல் கடிதம் கல்லூரிக்குக் கிடைத்த தேதியை வைத்துத்தான் இந்தக் கணக்கு. அதனால் வாய்ப்பேச்சை நம்பாதீர்கள். கடிதத்தின் நகலில் சீல் போட மறுத்தார்கள். ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்பினேன். யு.ஜி.சி.யின் இ-சமாதான் தளத்திலும் புகார் பதிந்தேன். சில நாளில் கல்லூரிக்காரர்களே கூப்பிட்டுச் சான்றிதழ் கவரைக் கொடுத்தார்கள். பணம் அப்புறம் வங்கியில் வந்தது.

பொறியியல் கல்லூரி என்றால் ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) விதிகளைப் பாருங்கள், அங்கும் சான்றிதழைப் பிடித்து வைக்கத் தடை உண்டு.