பரண் ஒழிக்கப் போகிறீர்களா? வண்டியா, ஆளா என்று முதலில் முடிவு செய்யுங்கள்

அம்மாவை மேற்கு மாம்பலம் வீட்டிலிருந்து சின்ன ஃபிளாட்டுக்கு மாற்றியபோது நான் செய்த முதல் வேலை குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி பிடித்தது. பழைய சாமான் எடுப்பவர் இரண்டு ஆட்களோடு வந்தார். மதியத்துக்குள் இரண்டு பரணும் காலி. எனக்கு ஏக சந்தோஷம். மறுவாரம் அம்மா கேட்டார்: “பாட்டியோட கணக்கு நோட்டெல்லாம் எங்கடா?”

பாட்டி வருஷக்கணக்காக எழுதிவந்த வீட்டுக் கணக்கு. பால், வரட்டி, வண்ணான் கூலி, யார் கல்யாணத்துக்கு எவ்வளவு மொய். எல்லாம் பழைய பேப்பர் கட்டோடு எடைக்குப் போயிருந்தது. கடைக்கு ஓடினேன். லோடு கிளம்பி இரண்டு நாள் ஆகிவிட்டது என்றார்கள்.

எடுத்துப்போனவர்மேல் தப்பே இல்லை. எதை எடுப்பது என்று சொல்ல வேண்டியவன் நான். வாசலில் நின்றுகொண்டு “எல்லாத்தையும் எடுங்க” என்று சொன்னவனும் நான்தான்.

வீட்டில் சாமான் சேர்ந்துவிட்டால் கூப்பிடக்கூடியவர்கள் இரண்டு வகை. ஒருவர் வண்டியும் ஆளும் கொண்டுவந்து அள்ளிப் போவார். இன்னொருவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டி, இது வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுப் பிரித்து, மிச்சத்தை அடுக்கித் தருவார். சென்னை போன்ற ஊர்களில் இதையே தொழிலாகச் செய்பவர்களை ஆர்கனைசர் என்கிறார்கள். அள்ளிப் போகிறவரை ‘வண்டி’ என்றும், பக்கத்தில் உட்கார்ந்து பிரிப்பவரை ‘ஆள்’ என்றும் வைத்துக்கொள்வோம். உங்களுக்கு யார் தேவை என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கண்டுபிடித்துவிடலாம்.

படி 1: ஒரு சாக்பீஸ் எடுங்கள்

எதையும் இறக்க வேண்டாம். ஏணியும் டார்ச்சும் போதும். போக வேண்டியதற்குப் பெருக்கல் குறி, இருக்க வேண்டியதற்கு வட்டம், தெரியவில்லை என்றால் கேள்விக்குறி. ஒரு பொருளுக்குப் பத்து எண்ணும் நேரம்தான். உள்ளே என்ன இருக்கிறது என்று நினைவில்லாத பெட்டியைத் திறக்காதீர்கள். திறந்தால் பழைய ஆல்பம் கிடைக்கும், அன்றைய வேலை அதோடு முடிந்தது. கேள்விக்குறி போட்டுவிட்டு நகருங்கள்.

படி 2: எண்ணுங்கள்

பெருக்கல் குறிதான் அதிகம் என்றால் வண்டி போதும். பத்துக்கு மூன்றுக்கு மேல் கேள்விக்குறி இருந்தால் வண்டியைக் கூப்பிடாதீர்கள், ஆளைக் கூப்பிடுங்கள். இது நான் வைத்துக்கொண்ட அளவு, சட்டம் இல்லை. ஆனால் சாமான் உங்களுடையது இல்லை, அப்பா அம்மாவுடையது என்றால், நீங்கள் போட்ட பெருக்கல் குறிகளையும் கேள்விக்குறியாகவே எண்ணுங்கள்.

படி 3: காகிதங்களைத் தனியே எடுங்கள்

எந்த வழியில் போனாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது. பெட்டியின் உள்துணிக்கு அடியில், பீரோவின் லாக்கருக்குப் பின்னால், தையல் மெஷின் டிராயரில், பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எல்லாம் பாருங்கள். தாய்ப்பத்திரம் தொலைந்தால் போலீசில் புகார், பத்திரிகையில் விளம்பரம், கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று என்று மாதக்கணக்கில் அலைய வேண்டும். மஞ்சளாகிப்போன ஷேர் சர்டிஃபிகேட்டையும் குப்பை என்று நினைக்காதீர்கள். 2019 ஏப்ரல் முதல் காகிதப் பங்கை அப்படியே இன்னொருவருக்கு விற்க முடியாதே தவிர, டீமேட்டுக்கு, அதாவது மின்னணுக் கணக்குக்கு, மாற்றிக்கொள்ளலாம். ஏழு வருஷம் டிவிடெண்ட் வாங்காமல் அரசு நிதிக்குப் போய்விட்ட பங்கைக்கூட விண்ணப்பித்துத் திரும்பப் பெற வழி இருக்கிறது. அப்புறம், கையால் எழுதிய எந்த நோட்டையும் எடைக்குப் போடும் முன் ஒருமுறை புரட்டிவிடுங்கள். காரணம் மேலே சொல்லிவிட்டேன்.

படி 4: வண்டி என்றால்

எல்லாவற்றையும் ஒரே ஆள் எடுக்கமாட்டார். இரும்பு, பித்தளை, பேப்பருக்குக் காயலான் கடைக்காரர் உங்களுக்குக் காசு கொடுப்பார். ஃபோம் மெத்தை, கிழிந்த சோபா, பிளைவுட் அலமாரிக்கு நீங்கள் அவருக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். இரண்டையும் கலந்து ஒரே தொகையாகப் பேசினால் நஷ்டம் உங்களுக்குத்தான். தராசில் சந்தேகம் வந்தால் பிரிக்காத ஐந்து கிலோ அரிசிப் பையை அவர் எதிரிலேயே தூக்கி வையுங்கள். சண்டை போட வேண்டியதில்லை.

இலவம்பஞ்சு மெத்தையை அவசரப்பட்டுத் தள்ளாதீர்கள். பஞ்சை அடித்துப் புது உறை தைத்தால் இன்னும் பல வருஷம் வரும்.

சென்னையில் இருப்பவர்கள் பழைய சோபா, மெத்தைக்கு மாநகராட்சியை முதலில் கேட்டுவிடுங்கள். 2025 அக்டோபரிலிருந்து சனிக்கிழமைகளில் வீட்டுக்கே வந்து எடுக்கிறார்கள். 1913க்கு போன் செய்து பதியலாம். பழைய டிவி, மிக்ஸி, கம்ப்யூட்டர் பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் போக வேண்டும். வெளியே போனால் செம்புக்காக ஒயரைக் கொளுத்துவார்கள், அந்தப் புகை யாரோ ஒரு குழந்தையின் மூக்குக்குத்தான் போகும். டியூப்லைட்டிலும் சிஎஃப்எல் பல்பிலும் பாதரசம் உண்டு. உடையாமல் அட்டையில் சுற்றித் தனியே கொடுங்கள். போகிக்கு எரித்துவிடலாம் என்று எடுத்து வைக்கவே வேண்டாம்.

குட்டியானையின் தொட்டி ஏறக்குறைய ஏழடி நீளம், ஐந்தடிக்குச் சற்றுக் குறைந்த அகலம், முக்கால் டன் வரை தாங்கும். உங்கள் பெருக்கல் குறிகள் அதற்குள் அடங்குமா என்று கண்ணாலேயே பாருங்கள். பேசும்போது எத்தனையாவது மாடி, லிஃப்ட் உண்டா, பீரோவை இறக்க எத்தனை ஆள், கடைசியில் எங்கே கொண்டுபோய்ப் போடுவார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கு மழுப்பினால் உங்கள் சோபா ஏதாவது ஏரிக்கரையில் கிடக்கும்.

படி 5: ஆள் என்றால்

காசு கொடுத்துத்தான் என்றில்லை, பொறுமையுள்ள சிநேகிதி போதும். கூடப் பிறந்தவர்கள் மட்டும் வேண்டாம். அவர்களுக்கும் அதே வெண்கலப் பானையில் பங்கு இருக்கிறது.

ஆர்கனைசரைக் கூப்பிட்டால் மூன்று கேள்வி. மணிக்கணக்கா, அறைக் கணக்கா? கழித்ததை அவரே அப்புறப்படுத்துவாரா, அதற்குத் தனி வண்டியா? உங்கள் வீட்டைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவாரா? முதல் நாளே டப்பாக்களும் கூடைகளும் வாங்கச் சொல்பவரிடம் கொஞ்சம் உஷார். எவ்வளவு மிஞ்சும் என்று தெரியும் முன் டப்பா எதற்கு?

சமையலறையில் ஆரம்பியுங்கள், புகைப்படங்களைக் கடைசிக்கு வையுங்கள். ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்கு மேல் யாராலும் சரியாக முடிவெடுக்க முடிவதில்லை. பெரியவர்களின் சாமான் என்றால் அவர்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கட்டும்.

ஒரு விஷயம். உதவாத பொருளைத் தொட்டாலே ஒருவர் கலங்கிப்போகிறார், கட்டிலில் படுக்கக்கூட இடமில்லை என்றால் அது சோம்பல் இல்லை. பொருள் சேர்த்தல் கோளாறு 2013 முதல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்க் கையேட்டில் தனி நோயாகவே இடம்பெற்றிருக்கிறது. வண்டியையும் ஆளையும் விட்டுவிட்டு மனநல மருத்துவரிடம் போங்கள்.

படி 6: இரண்டும் தேவைப்பட்டால்

முதலில் ஆள், ஒரு வாரம் கழித்து வண்டி. அந்த ஒரு வாரம் பெருக்கல் குறி போட்டவை ஹாலிலேயே கிடக்கட்டும். யாராவது எதையாவது திரும்ப எடுத்துக்கொண்டால் சண்டை போடாதீர்கள்.

மீண்டும் பரணில் ஏறும் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் உள்ளே இருப்பதைக் கெட்டி மார்க்கரில் எழுதி, எழுத்து வெளியே தெரியும்படி வையுங்கள். “இதர சாமான்கள்” என்று மட்டும் எழுதாதீர்கள்.