வளவுக் கிணற்றை அளக்கப் பழகுவோம்: மட்டக்களப்புக் கரையோரத்துக்கு ஒரு செய்முறை விளக்கம்

அரச நிறுவனம் ஒன்றின் நிலத்தடி நீர்ப் பிரிவில் வேலை செய்கிறேன். புதிதாக வேலைக்கு வரும் பட்டதாரிகளுக்கு நான் முதலில் பழக்குவது பெரிய இயந்திரம் எதையும் அல்ல. ஒரு வீட்டுக் கிணற்றை ஒழுங்காக அளந்து, அதை எழுதி வைப்பதைத்தான். இதை ஏ.எல். படிக்கும் பிள்ளையும் செய்யலாம், தோட்டம் செய்பவரும் செய்யலாம். கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர், வாழைச்சேனை, களுவாஞ்சிகுடி என்று கரையோரத்தில் கிணறு வைத்திருக்கும் எல்லோரும் இதைப் பழக வேண்டும் என்பது என் விருப்பம்.

ஒருநாள் எடுத்த ஒரு இலக்கத்தை வைத்து ஒரு கிணற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒரே கிணறு, ஒரே புள்ளி, ஒரே முறை, மாரியும் கோடையும் என்று தொடர்ந்து எடுத்த இலக்கங்கள்தான் பேசும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

தேவையான சாமான்கள்

இரும்பு அளவு நாடா ஒன்று, வெண்கட்டி, நாடாவின் நுனியில் கட்டத் துருப்பிடிக்காத உருக்கு ஆணி ஒன்று (ஈயக்குண்டு வேண்டாம், இது குடிக்கிற தண்ணீர்), கையடக்க மின்கடத்துதிறன் மீட்டர் (தண்ணீரின் உப்புத்தன்மையைக் காட்டுவது), நிறப்பூச்சு கொஞ்சம், கட்டுக்கொப்பி, பென்சில். பேனா மை நனைந்தால் போய்விடும், ஆகவே பென்சில்தான். மீட்டர் வாங்க வசதியில்லாவிட்டால் நாலைந்து வீடுகள் சேர்ந்து ஒன்றை வாங்கலாம்.

படி 1: கிணறு எந்த நிலத்தில் நிற்கிறது?

மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரை, மேற்கே படுவான்கரை. இந்தப் பிரிவு நிலத்தடி நீருக்கும் அப்படியே பொருந்தும்.

எழுவான்கரை மணல். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமான வாவி. இரண்டுக்கும் நடுவில் விழும் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உவர்நீரின்மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. ஐஸ் கட்டி தண்ணீரில் மிதக்கும்போது மேலே தெரிவதைவிட உள்ளே அமிழ்ந்திருப்பது அதிகம் அல்லவா, அதே கணக்குத்தான் இங்கும். நன்னீர் லேசானது, கடல்நீர் அதைவிட ஏறத்தாழ 2.5 சதவீதம் கனமானது. ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 மீற்றர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது பாடப்புத்தகக் கணக்கு. நம் மணல்படை அவ்வளவு ஆழமில்லை, வாவியும் பக்கத்திலேயே கிடக்கிறது, எனவே உண்மையில் கிடைப்பது குறைவு. ஆனால் அந்தக் கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: மேல்மட்டம் நிலையாக 10 சென்ரிமீற்றர் இறங்கினால் அடியிலுள்ள உவர் 4 மீற்றர் வரை மேலே வர இடமிருக்கிறது. கிணற்று மட்டத்தைச் சென்ரிமீற்றர் கணக்கில் அளக்கச் சொல்வது இதனால்தான்.

படுவான்கரையில், கொக்கட்டிச்சோலை, உன்னிச்சை பக்கம் போனால் கதை வேறு. அங்கே கீழே பழைய உருமாறிய பாறை. தண்ணீர் பாறையின் உக்கிய மேற்படையிலும் வெடிப்புகளிலும் நிற்கும். கடல் உவரைவிட வன்மை, புளோரைட்டு, கோடையில் வற்றிப்போவது ஆகியவைதான் அங்கே பார்க்கவேண்டியவை. இந்த விளக்கம் பெரும்பாலும் மணல் கிணறுகளுக்கானது. மட்டம் அளக்கும் முறை இரண்டுக்கும் ஒன்றே.

படி 2: கொப்பியில் கிணற்றுக்கு ஒரு பக்கம்

உங்கள் கிணறு அல்லாவிட்டால் முதலில் வீட்டாரிடம் கேளுங்கள். "அம்மா, உங்கட கிணத்து மட்டம் ஒருக்கா பார்க்கலாமா, மாதம் ஒருக்கா வருவன்" என்று சொன்னால் மறுப்பவர்கள் குறைவு. கிணறு எப்போது வெட்டியது, எந்தக் கோடையில் வற்றியது, எப்போது தண்ணீர் உவர்த்தது என்பதையெல்லாம் அவர்களே சொல்வார்கள். அதை அப்படியே எழுதுங்கள். அந்த அம்மாவின் நாக்கு உங்கள் மீட்டருக்கு முன்பே அந்தத் தண்ணீரைக் கண்காணித்து வந்திருக்கிறது.

கொப்பியில் எழுத வேண்டியவை: கிணற்றின் விட்டம், அடி வரை ஆழம், கட்டின் உயரம், மோட்டார் உண்டா, மலசலகூடக் குழி எந்தத் திசையில் எத்தனை மீற்றரில், பக்கத்தில் மாட்டுக்கொட்டில் அல்லது உரம் போடும் தோட்டம் இருக்கிறதா. கைபேசி காட்டும் அமைவிட இலக்கங்களையும் குறித்து வையுங்கள்.

படி 3: மட்டம் அளத்தல்

கிணற்றுக் கட்டின் விளிம்பில் ஒரு புள்ளியை நிறப்பூச்சால் அடையாளம் செய்யுங்கள். இனி எப்போதும் அந்தப் புள்ளியிலிருந்துதான். கட்டு ஒரு பக்கம் சரிந்திருக்கலாம். அடுத்த முறை எதிர்ப்பக்கத்திலிருந்து அளந்தால், தண்ணீர் அசையாமலே மட்டம் மாறியதுபோல் காட்டும்.

விடியற்காலையில், யாரும் மோட்டார் போடுவதற்கு முன் அளக்க வேண்டும். நாடாவின் கடைசி ஒரு மீற்றருக்கு வெண்கட்டி பூசுங்கள். மெதுவாக இறக்கி, நுனி தண்ணீருக்குள் போனதும், விளிம்புப் புள்ளியில் ஒரு முழு இலக்கம் வருமாறு பிடியுங்கள். 3.00 மீற்றர் என்று வையுங்கள். நாடாவை மேலே எடுத்து, வெண்கட்டி எந்த இலக்கம் வரை நனைந்திருக்கிறது என்று பாருங்கள். 0.70 வரை நனைந்திருந்தால், நீர்மட்டம் புள்ளியிலிருந்து 3.00 − 0.70 = 2.30 மீற்றர் கீழே. திரும்பவும் ஒருமுறை செய்யுங்கள். இரண்டும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசப்பட்டால் மூன்றாவது தரமும் இறக்க வேண்டும்.

திகதி, நேரம், கடைசியாக மழை பெய்த நாள் மூன்றையும் பக்கத்திலேயே எழுதுங்கள். வாவிக்கு அருகிலுள்ள கிணறு என்றால் முகத்துவாரம் (வாவி கடலோடு சேரும் வாய்) வெட்டியிருக்கிறதா, மூடியிருக்கிறதா என்றும் எழுதுங்கள். வாவியின் மட்டமும் உவரும் அதைப் பொறுத்து மாறும், கரையோரக் கிணறும் அதோடு சேர்ந்து மாறும்.

ஒரு கண்டிப்பான விஷயம்: எதற்காகவும் கிணற்றுக்குள் இறங்காதீர்கள். அடியில் காற்று கெட்டுப்போயிருக்கலாம். பெற்றோல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொல்லும்.

படி 4: உவர் பார்த்தல்

மின்கடத்துதிறன் என்பது தண்ணீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அடையாளம். மீட்டரை முதலில் சென்ரிமீற்றருக்கு 1413 மைக்ரோசீமன்ஸ் காட்டவேண்டிய நியமக் கரைசலில் வைத்துச் சரிபாருங்கள். சரிபார்க்காத மீட்டரின் இலக்கத்தைக் கொப்பியில் ஏற்ற வேண்டாம். பிறகு வாளியைக் கிணற்றுத் தண்ணீரால் அலசி, புதிதாக அள்ளி, மீட்டரை விட்டு, இலக்கம் நிலைத்ததும் எழுதுங்கள்.

காட்டும் இலக்கத்தை எப்படி வாசிப்பது? அதே அலகில் கடல்நீர் ஏறத்தாழ 50,000. மழைநீர் மிகக் குறைவு, பெரும்பாலும் 50-க்கும் கீழே. இலங்கையின் குடிநீர்த் தரமான எஸ்எல்எஸ் 614 கரைந்த திண்மங்களுக்கு லீற்றருக்கு 500 மில்லிகிராம் என்ற எல்லை வைக்கிறது. மின்கடத்துதிறனில் அது சுமார் 750-க்குக் கிட்ட வரும். 100 லீற்றர் நல்ல தண்ணீரில் 1 லீற்றர் கடல்நீர் கலந்தாலே இலக்கம் 500 அளவுக்கு ஏறிவிடும். 2 லீற்றர் கலந்தால் குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டிவிடும். மேலே நிற்கும் நன்னீர் எவ்வளவு மென்மையாகக் கையாள வேண்டிய பொருள் என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும்.

வாளியில் வருவது மேல்தண்ணீர் மட்டும். அடித்தண்ணீரையும் பாருங்கள். சின்னப் போத்தல் ஒன்றின் வாயைத் தக்கையால் லேசாக அடைத்து, தக்கைக்கு ஒரு நூலும், பாரம் கட்டிய போத்தலுக்கு ஒரு கயிறும் போட்டு அடி வரை இறக்கி, நூலைச் சுண்டினால் அந்த ஆழத்துத் தண்ணீர் போத்தலுக்குள் ஏறும். மேலே 600, அடியில் 1,800 என்று வந்தால் உவர் கிணற்றின் அடியைத் தட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேல்தண்ணீர் இன்னும் ருசியாகத்தான் இருக்கும். எச்சரிக்கை அடியிலிருந்துதான் வருகிறது.

படி 5: தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. மூன்று கிணறுகள் இருந்தால் போதும், நிலத்துக்கு அடியில் தண்ணீர் போகும் திசையைக் கண்டுபிடித்துவிடலாம். மலசலகூடக் குழியின் கசிவு யார் கிணற்றுப் பக்கம் போகிறது என்ற கேள்விக்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. வீடுகள் நெருங்கிக் கிடக்கும் காத்தான்குடி, சாய்ந்தமருது போன்ற இடங்களில் இது பெரிய கேள்வி.

ஒரே நேர்கோட்டில் இல்லாத மூன்று கிணறுகளைத் தெரிவு செய்யுங்கள். மேசன்மார் மட்டம் பார்க்கப் பிடிக்கும் தெளிவான பிளாஸ்டிக் குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, மூன்று கட்டுகளில் எது எவ்வளவு உயரம் என்று பாருங்கள். முதலாம் கிணற்றின் புள்ளியை 10.00 மீற்றர் என்று நாமே வைத்துக்கொள்வோம். இரண்டாவது 12 சென்ரிமீற்றர் உயரம், எனவே 10.12. மூன்றாவது 15 சென்ரிமீற்றர் தாழ்வு, எனவே 9.85.

அதே காலையில் மூன்றிலும் மட்டம் அளந்தோம். முதலாவதில் 2.30, இரண்டாவதில் 2.48, மூன்றாவதில் 2.25 மீற்றர் ஆழத்தில் தண்ணீர். கழித்துப் பார்த்தால் நீர்மட்டங்கள் 7.70, 7.64, 7.60. கவனியுங்கள்: மூன்றாவது கிணற்றில்தான் தண்ணீர் மிகக் கிட்ட இருந்தது, ஆனால் உண்மையில் அங்கேதான் மட்டம் மிகத் தாழ்வு. கட்டின் உயரத்தைக் கணக்கில் எடுக்காதவர் இங்கே திசையைத் தலைகீழாகச் சொல்லிவிடுவார்.

இப்போது மூன்று கிணறுகளையும் தாளில் அளவுப்படி வரையுங்கள். முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே 60 மீற்றர் என்று வைப்போம். அந்தக் கோட்டில் மட்டம் 7.70-இலிருந்து 7.60-க்கு இறங்குகிறது. இரண்டாவது கிணற்றின் மட்டமான 7.64 அந்தக் கோட்டில் எங்கே வரும்? 10 சென்ரிமீற்றர் இறக்கத்தில் 6 இறங்கிய இடம், அதாவது முதலாவதிலிருந்து 36 மீற்றரில். அந்த இடத்தையும் இரண்டாவது கிணற்றையும் கோடு போட்டு இணையுங்கள். இது சம மட்டக் கோடு. அதற்குச் செங்குத்தாக, தாழ்ந்த பக்கம் நோக்கி ஒரு அம்புக்குறி போடுங்கள். நிலத்தடி நீர் அந்தப் பக்கம்தான் போகிறது.

மாரியில் ஒருமுறை, கோடையில் ஒருமுறை செய்யுங்கள். பெரிய மோட்டார் ஓடும் வளவுகளுக்குப் பக்கத்தில் அம்புக்குறி திசை மாறுவதுண்டு.

படி 6: மாதிரி எடுத்தல்

இரசாயனப் பரிசோதனைக்கு என்றால் போத்தலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தரம் அலசி, நிறைய நிரப்புங்கள். கிருமிப் பரிசோதனைக்கு ஆய்வுகூடம் தரும் தொற்று நீக்கிய போத்தலை அலசவே கூடாது. உள்வாயையும் மூடியின் உட்புறத்தையும் தொடாமல், மேலே கொஞ்சம் இடம் விட்டு நிரப்ப வேண்டும். இரண்டையும் ஐஸ் பெட்டியில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிடுங்கள். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள் கட்டணத்துக்குப் பரிசோதிக்கும். எந்த நாளில் மாதிரிகளை ஏற்பார்கள் என்று முதலே கேட்டுவிட்டுப் போங்கள்.

படி 7: அறிக்கையை வாசித்தல்

முதலில் ஈ.கோலை, அதாவது மலம் கலந்திருப்பதைக் காட்டும் கிருமி. 100 மில்லிலீற்றரில் ஒன்றும் இருக்கக்கூடாது. இருந்தால் கொதிக்கவைத்துக் குடியுங்கள், பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் சொல்லிக் கிணற்றுக்குக் குளோரின் இடுங்கள்.

அடுத்தது நைத்திரேற்று. எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். சில அறிக்கைகள் இதை நைதரசனாகக் குறிக்கும். அப்படியென்றால் 4.43-ஆல் பெருக்குங்கள். நைதரசனாக 12 என்று வந்தால் பார்வைக்குக் குறைவாகத் தெரியும், ஆனால் நைத்திரேற்றாக அது 53, எல்லையைத் தாண்டிவிட்டது. மணலில் உரமும் குழிக் கசிவும் வேகமாக இறங்கும் என்பதால் நம் பக்கத்தில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கொதிக்கவைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். கைக்குழந்தைக்குப் பால்மா கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்கவே கூடாது.

படி 8: இலக்கம் கெட்டுப்போனால்

உவர் ஏறும்போது எல்லோருக்கும் வரும் முதல் யோசனை, கிணற்றை முழுக்க இறைத்துவிடுவது. கரையோர மணலில் அது நிலைமையை மோசமாக்கும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இந்தக் கரையில் இது நன்றாகத் தெரிந்தது. கடல்நீர் நிரம்பிய கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தபோது அடியிலிருந்த உவர் மேலே ஏறியது. மணலுக்குள் போன உப்பைக் கழுவிக் கீழே தள்ளியது அடுத்தடுத்து வந்த மாரி மழைதான்.

ஆகவே இறைப்பதைக் குறையுங்கள். மோட்டார்க் குழாயின் புட்வால்வை (தண்ணீரை உறிஞ்சும் நுனியிலுள்ள வால்வை) கிணற்றின் அடியிலிருந்து உயர்த்தி, நீர்மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே கட்டுங்கள். ஒரேயடியாகத் தாங்கி நிரப்பாமல், சிறிது நேரம் ஓட்டி, மட்டம் திரும்ப ஏறியபின் மறுபடி ஓட்டுங்கள். கிணற்றை ஆழமாக்க வேண்டாம், அது உவரை நோக்கித் தோண்டுவது. தோட்டத்துக்கு அதிகம் தேவையென்றால் ஆழமான ஒன்றுக்குப் பதில் தள்ளித்தள்ளி ஆழமில்லாத இரண்டு கிணறுகள் நல்லது. வளவில் சீமெந்து போட்டு மூடாமல் மழைநீர் இறங்க இடம் விடுங்கள்.

மட்டத்தையும் மின்கடத்துதிறனையும் மாதம் ஒருமுறை எடுங்கள். வறண்ட கச்சான் காற்று வீசும் கோடை மாதங்களில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. நைத்திரேற்று, கிருமி இரண்டையும் வருடத்தில் இரண்டு தரம்: கோடை முடிவில் ஒன்று, மாரியின் முதல் பெருமழைக்குப் பின் ஒன்று. நிலைமை தொடர்ந்து கெட்டால் பிரதேச செயலகத்துக்கோ நீர்வளச் சபைக்கோ எழுதுங்கள். கழிவுநீர் விடும் தொழிற்சாலை சந்தேகம் என்றால் மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கு. கடிதத்தோடு கடைசி அளவை மட்டும் கொடுக்காமல், கொப்பியின் எல்லாப் பக்கங்களையும் போட்டோப் பிரதி எடுத்து இணைத்துக் கொடுங்கள்.