விசா முடிந்தாலும் சொத்துரிமை முடியாது: கலிஃபோர்னியாவில் வாரிசுகள் செய்யக்கூடாத தவறுகள்

இப்படி ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா இறந்து மூன்று வாரம். சமையலறை மேசையில் அண்ணன் நாலு பக்கத் தாளை நீட்டுகிறார். "இதுல கையெழுத்துப் போட்டுடு. கோர்ட்டுக்குப் போனா உன் விசா கதை வெளியே வரும். நான் ஒரு போன் பண்ணினா போதும்." விசா முடிந்து இரண்டு வருஷமான தம்பி பேனாவை எடுக்கிறார்.

அந்தப் பேனாவை எடுப்பதுதான் பெரிய தவறு. உயில் இல்லாமல் ஒருவர் இறந்தால், வெளிநாட்டவர் என்ற காரணத்துக்காக எந்த வாரிசையும் ஒதுக்க முடியாது என்று கலிஃபோர்னியா வாரிசுரிமைச் சட்டத்தின் 6411ஆம் பிரிவு சொல்கிறது. குடியுரிமையோ கிரீன் கார்டோ இருந்தால்தான் பங்கு என்ற விதியே இல்லை. அண்ணனின் மிரட்டலும் சும்மா போகிற விஷயமல்ல. குடியேற்ற நிலையைக் காட்டிக்கொடுப்பேன் என்று பயமுறுத்திச் சொத்தை எழுதி வாங்குவது, மாநிலத் தண்டனைச் சட்டத்தில் மிரட்டிப் பறிக்கும் குற்றத்தில் சேரும் (519ஆம் பிரிவு). எதிர்த்தரப்பு வக்கீலே அப்படி மிரட்டினால், அவர்மேல் ஒழுங்கு நடவடிக்கை வரும்.

ஆகவே வாட்ஸ்அப் செய்திகளை அழிக்காதீர்கள். ஆனால் போன் பேச்சை ரகசியமாகப் பதிவு செய்யும் முன் வக்கீலைக் கேளுங்கள். அங்கே பொதுவாக இரு தரப்பு சம்மதமும் வேண்டும். இதுபோன்ற குற்றத்துக்கு ஆதாரம் திரட்ட விதிவிலக்கு உண்டு என்றாலும், அது உங்களுக்குப் பொருந்துமா என்பதை அவர் பார்த்துச் சொல்லட்டும்.

அடுத்தது, கடிதத்தைப் பிரிக்காமல் வைப்பது. சொத்து டிரஸ்டில் (வாரிசுகளுக்காக இன்னொருவர் பொறுப்பில் சொத்தை எழுதிவைக்கும் ஏற்பாடு) இருந்தால், அதை எழுதியவர் இறந்த 60 நாளுக்குள் அதை நிர்வகிக்கும் டிரஸ்டி வாரிசுகளுக்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். அதில் ஒரு பத்தி மட்டும் தடித்த எழுத்தில் இருக்கும். டிரஸ்டை எதிர்த்து வழக்குப் போட 120 நாள்தான் கெடு என்பதே அதன் சாரம். அந்த 120 நாளுக்குள் டிரஸ்ட் நகல் கைக்கு வந்தால், வந்த நாளிலிருந்து 60 நாள்; இரண்டில் எது பின்னால் வருகிறதோ அதுவரை நேரம் உண்டு. பயத்தில் கடிதத்தை அலமாரியில் போட்டு வைத்தாலும் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

கோர்ட் பயம் பற்றியும் சொல்ல வேண்டும். சிவில் வழக்கில் ஒருவரின் குடியேற்ற நிலையைத் திறந்த மன்றத்தில் சொல்ல, நீதிபதி முதலில் தனியாக விசாரித்து அனுமதிக்க வேண்டும். பல நேரம் வாரிசு நேரில் போகவே தேவையில்லை, வக்கீல் போனால் போதும். ஆனால் 2017இல் நிறைவேறிய கலிஃபோர்னியா வேல்யூஸ் சட்டத்தைக் கவசம் என்று நம்பிவிடாதீர்கள். குடியேற்ற நடவடிக்கைகளுக்கு உதவுவதில் அது கட்டுப்படுத்துவது மாநில, உள்ளூர் போலீஸாரை. மத்திய அரசின் குடியேற்ற அதிகாரிகளை அது தடுக்காது.

என்னை அதிகம் கலங்கவைப்பது இன்னொன்று. சென்னையில் பாட்டி போய்விட்டார், அங்கேயும் சொத்து இருக்கிறது என்று அவசரமாக விமானம் ஏறுகிறார்கள். சட்டபூர்வ நிலை இல்லாமல் அமெரிக்காவில் 180 நாளுக்கு மேல் தங்கியிருந்துவிட்டுக் கிளம்பினால், திரும்பி நுழைய 3 வருடத் தடை வரலாம். ஒரு வருடமோ அதற்கு மேலோ என்றால் 10 வருடம். துக்கத்தில் இருப்பவரிடம் "போகாதே" என்று சொல்வது கொடுமைதான், தெரியும். ஆனாலும் டிக்கெட் போடும் முன் குடியேற்ற வக்கீலைக் கேளுங்கள். இந்தியச் சொத்து வேலையைப் பவர் பத்திரம் கொடுத்து ஊரில் நம்பிக்கையானவர் மூலம் முடிக்க வழி உண்டு.

இதையெல்லாம் நோட்டரியிடம் கேட்பதும் தவறு. அமெரிக்காவில் நோட்டரியின் வேலை கையெழுத்தைச் சரிபார்ப்பது. சட்ட ஆலோசனை சொல்ல அவருக்கு உரிமை கிடையாது. வக்கீலைப் பார்க்கப் போகும்போது, வந்த கடிதத்தோடு அதன் உறையையும் கொண்டுபோங்கள். 120 நாளை எந்தத் தேதியிலிருந்து எண்ணுவது என்பதற்கு அதிலுள்ள தபால் முத்திரை உதவும்.