பிரிய மறுக்கும் பீட்டில் எஞ்சின்: கிராங்க்கேஸின் இரு பாதிகளைச் சேதமின்றிப் பிரிப்பது எப்படி?

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டக் கொட்டகையொன்றில் மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே பல ஆண்டுகள் நின்றிருந்த ஃபோக்ஸ்வேகன் பீட்டிலின் எஞ்சினை நான் அண்மையில் திறந்தேன். எஞ்சினின் சுழலும் தண்டுகளை உள்ளே தாங்கும் உலோகக் கூடான கிராங்க்கேஸின் நட்டுகளையெல்லாம் கழற்றிய பிறகும் அதன் இரு பாதிகளும் அசையவில்லை. இந்த மலையில் பழைய வண்டி வைத்திருக்கும் பலருக்கும் இதே நிலை வரக்கூடும் என்பதால், நான் கையாண்ட முறையை எழுதிவைக்கிறேன்.

காரணம் இதுதான். பீட்டிலின் கிராங்க்கேஸ் மக்னீசியக் கலவையில் வார்க்கப்பட்டது. இரு பாதிகளையும் இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட்டுகளோ (மரையுள்ள தண்டுகள்) எஃகு. இவ்விரு உலோகங்களுக்கும் நடுவே ஈரம் புகுந்தால் மக்னீசியம் அரிக்கப்பட்டு, வெண்ணிறப் பொடியாக உப்பி, ஸ்டட்டைக் கவ்விக்கொள்கிறது. இதோடு, முன்பு எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தவர் பசையைத் தாராளமாகத் தடவியிருந்தால் பிடிப்பு இரட்டிப்பாகும். இந்தப் பாதிகளுக்கு இடையே கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் அடைப்புத் தகடு) கிடையாது. மெல்லிய பசைப்படலம் மட்டுமே இருக்க வேண்டும்.

உளியையோ திருப்புளியையோ இணைப்புக் கோட்டில் செருகி நெம்பவே கூடாது. அந்த இரு முகங்களும் சேரும்போதுதான் கிராங்க்ஷாஃப்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் முதன்மைத் தண்டு) பேரிங்குகள் அமரும் துளைகள் வட்டமாகின்றன. முகத்தில் விழும் ஒரு கீறல் எண்ணெயைக் கசியவிடும். கீறலைப் போக்க முகத்தைச் சீவினால் துளைகள் வட்டம் இழக்கும். பிறகு கோயம்புத்தூருக்கு இறக்கிக்கொண்டுபோய் லைன் போரிங் செய்து (துளைகளை ஒரே நேர்கோட்டில் மறுபடி கடைந்து), வெளியளவு பெரிதான பேரிங் தேட வேண்டிவரும். நான் திறந்த எஞ்சினில் முன்பு யாரோ வைத்த உளித்தடம் இரண்டு இருந்தது. அதைப் பார்த்தபோது மனம் வலித்தது.

பாதிகள் பிரியவில்லையென்றால், ஏதோ ஒன்று இன்னும் அவற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே முதலில் கொள்ள வேண்டும். சிலிண்டர் ஹெட்டுகள், சிலிண்டர்கள், பிஸ்டன்கள், ஃப்ளைவீல், புல்லி ஆகியவை ஏற்கெனவே கழன்றிருக்கும். ஃப்ளைவீல் பக்கத்து எண்ணெய் சீலும் இரு பாதிகளிலும் பதிந்திருப்பதால் அதையும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் பம்பின் உடலும் இரு பாதிகளுக்குக் குறுக்கே அமர்ந்திருப்பது; அதை உருவாமல் விட்டுவிட்டுத் தட்டிக்கொண்டிருந்தால் பயன் இல்லை. டிஸ்ட்ரிபியூட்டரை ஓட்டும் தண்டை மேலே இழுத்து எடுத்து, அதன் அடியிலுள்ள வாஷர்களைக் காந்தத்தால் எடுத்து எண்ணிவையுங்கள். அடுத்து, ஆறு பெரிய 12 மி.மீ. ஸ்டட்டுகளில் மட்டுமின்றி, ஓரத்தைச் சுற்றிவரும் 8 மி.மீ. ஸ்டட்டுகளிலும் நட்டு ஏதும் மிஞ்சியிருக்கிறதா என்று, மண்ணெண்ணெயும் தூரிகையும் கொண்டு கழுவி, விரலால் தடவிப் பாருங்கள். கரிய எண்ணெய்ப் பிசுக்குக்குள் மறைந்திருந்த ஒரே ஒரு நட்டுதான் எனக்கு அரைநாளை வீணாக்கியது.

எல்லாம் கழன்ற பின்னும் பிரியாவிட்டால், பெரிய ஸ்டட்டுகள் இடப்பாதியில் பதிந்திருப்பதால், இடப்பாதி கீழேயும் வலப்பாதி மேலேயும் இருக்குமாறு எஞ்சினைத் திருப்பிவையுங்கள். துருநீக்கும் எண்ணெயை ஒவ்வொரு ஸ்டட்டைச் சுற்றியும் ஊற்றி ஓர் இரவு ஊறவிடுங்கள். உதகையிலும் குன்னூரிலும் உறைபனிக்கால விடியலில் எண்ணெய் கெட்டிப்பட்டிருக்கும். ஆகவே வெயில் ஏறிய பிறகு வேலையைத் தொடங்குவது நல்லது.

பிறகு வெப்பம். சூடேறும்போது மக்னீசியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். எனவே ஸ்டட்டைச் சுற்றியுள்ள பிடி தளரும். ஊறவிட்ட எண்ணெயை முதலில் நன்றாகத் துடைத்துவிட்டு, வெப்பக்காற்றுத் துப்பாக்கியால், கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாக்கினால் போதும். நெருப்புத் தீச்சுடரை நெருங்கவிட வேண்டாம். மக்னீசியத் துகள்கள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றுவது நெருப்பை மேலும் வளர்க்கும். பக்கத்தில் உலர்ந்த மணல் ஒரு வாளி இருக்கட்டும்.

சூடு இருக்கும்போதே, வலப்பாதியில் வெளியே நீண்டிருக்கும் தடித்த பகுதிகளை ரப்பர் சுத்தியலால், அல்லது கெட்டியான மரக்கட்டையை வைத்து, மேல்நோக்கித் தட்டுங்கள். ஓர் ஓரத்தில் இரண்டு தட்டு, எதிர் ஓரத்தில் இரண்டு தட்டு என மாற்றிமாற்றி வர வேண்டும். ஒரு பக்கம் மட்டும் எழும்பினால் பாதி சாய்ந்து ஸ்டட்டுகளில் சிக்கிக்கொள்ளும். இடைவெளி ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்தால் அந்தப் பக்கத்தைக் கீழே தட்டி இறக்கிவிட்டு, மறுபடி சமமாக ஏற்றுங்கள். எனக்கு மூன்று முறை சூடேற்ற வேண்டியிருந்தது. மூன்றாம் முறையில் மெல்லிய ஓர் ஒலியோடு பசை விட்டது.

தூக்குவதற்கு இன்னொருவர் உடனிருப்பது நலம். வலப்பாதியிலுள்ள நான்கு டேப்பெட்டுகள் (கேம்ஷாஃப்டின் மேடுகள் தள்ள, புஷ் ராட் வழியே வால்வைத் திறக்கும் துண்டுகள்) தூக்கும்போது கீழே நழுவி விழும். அவை கேம்ஷாஃப்டில் மோதினால் இரண்டும் கெடும். எனவே புஷ் ராட் துளைகள் வழியே கெட்டியான கிரீஸை அழுத்தி அவற்றை முன்கூட்டியே நிறுத்திவைத்து, எந்தத் துளையில் எது இருந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாம் முதன்மைப் பேரிங்கின் அரைவட்டத் துண்டு மேல்பாதியோடு ஒட்டி வந்து விழக்கூடும். அதற்கும் ஒரு கை தயாராக இருக்கட்டும். முகங்களில் மிஞ்சிய பசையைத் தின்னரில் ஊறவிட்டு மரச்சீவலால் மட்டுமே எடுங்கள்.